ஒரே பெயர், வேறு வேறு ஆட்கள்

வணக்கம் சார்,

'அக்ரவேட்டர்ஸ்' பெயரில் வந்த இரண்டு டப் தொகுப்புகளை, அதாவது ரெகே பாடல்களின் குரலைக் குறைத்து வாத்தியங்களை முன்னிறுத்தி மிக்ஸ் செய்த தொகுப்புகளை, கேட்டேன். ஒன்றில் ஹை-ஹாட் (ட்ரம்ஸின் ஜோடி சிம்பல்) சீறிக்கொண்டே இருக்கிறது. மற்றதில் கிக் ட்ரம் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) நாலு அடியிலும் இடிக்கிறது. இது ஒரே குழுதானா? உண்மையான உறுப்பினர்கள் யார்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் அக்ரவேட்டர்ஸ்தான். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத் தயாரிப்பாளர் பன்னி லீ. அவருடைய ரெக்கார்டிங்குக்கு அன்று யார் வந்தார்களோ அவர்களே அக்ரவேட்டர்ஸ். 1974-75 வாக்கில் பெரும்பாலும் சான்டா டேவிஸ் ட்ரம்ஸ், ராபி ஷேக்ஸ்பியர் பாஸ், சின்னா ஸ்மித் கிட்டார். பிற்பாடு ட்ரம்மர் ஸ்லை டன்பாரும் வந்தார். அதே ஸ்லை சேனல் ஒன் ஸ்டுடியோவில் வாசித்தால் குழுவின் பெயர் ரெவல்யூஷனரீஸ், தயாரிப்பாளர் ஜோ கிப்ஸிடம் வாசித்தால் புரொஃபஷனல்ஸ்!

நீங்கள் கேட்ட சீறலுக்கு 'ஃப்ளையிங் சிம்பல்ஸ்' என்று பெயர். 'ஒன்-அண்ட்-டூ-அண்ட்' என்று எண்ணிப் பாருங்கள். 'அண்ட்' விழும் இடத்தில் ஹை-ஹாட்டைத் திறந்து அடித்து உடனே மூடுவார்கள். 1974இல் பாடகர் ஜானி கிளார்க்கின் பாடல்களில் சான்டா வாசித்துப் பிரபலமாக்கியது. நாலு அடியும் கிக் விழுவது 'ஸ்டெப்பர்ஸ்'. அதைக் கேட்டால் முதலில் ஸ்லையை நினைக்கலாம். ஆனால் இதை மட்டும் வைத்து ஆளைத் தீர்மானிக்காதீர்கள். சிம்பல் ஓசை விற்க ஆரம்பித்ததும் மற்ற ட்ரம்மர்களும் அதையே வாசித்தார்கள்.

இசைத்தட்டின் உறையும் குழப்பும். பல நாள் பதிவுகளில் வாசித்தவர்களை ஒரே பட்டியலாகப் போட்டிருப்பார்கள். இரண்டு ட்ரம்மர் பெயர் இருந்தால் இருவரும் சேர்ந்து வாசித்ததாகக் கொள்ள வேண்டாம். 'கிங் டப்பி ஸ்டுடியோ' என்றிருந்தால் அது மிக்ஸிங் நடந்த இடம். டப்பி டப் மிக்ஸிங் செய்த ஒலிப்பொறியாளர். கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில் அவர் வீட்டில் இருந்த அந்தச் சின்ன அறையில் குரல் பதிவும் நாலு ட்ராக் மிக்ஸிங்கும்தான் நடந்தன. வாத்தியங்களை ராண்டிஸ், ஹாரி ஜே போன்ற இடங்களில் பதிந்து டேப்பைக் கொண்டு வருவார்கள். பழைய டேப்பைச் சில வருடம் கழித்து மிக்ஸ் செய்ததும் உண்டு. அதனால் தொகுப்பு வெளிவந்த வருடத்தை நம்பி ஆளைத் தேடினால் தவறிவிடும்.

டப்பில் கிட்டாரும் ஆர்கனும் வந்து வந்து மறையும். நிலைத்து நிற்பது பாஸும் ட்ரம்ஸும்தான். அந்த பாஸ் வரியை மனதில் வாங்கிக்கொண்டு, அதே ரிதத்தில் (பின்னணி இசையில்) குரலோடு வந்த ஏழு இன்ச் தட்டைத் தேடுங்கள். அது முதலில் வெளியான வருடமும் தயாரிப்பாளர் பெயரும் கிடைத்தால், வாசித்தவர்கள் இரண்டு மூன்று பேருக்குள் அடங்கிவிடுவார்கள்.

தயாரிப்பாளருக்குத் தக்கபடி குழுவின் பெயர் மாறும் இந்த வழக்கத்துக்கு விலக்கு ரூட்ஸ் ராடிக்ஸ் என்ற குழு. ஸ்லையும் ராபியும் பாடகர் பீட்டர் டாஷுடன் ஊர் ஊராகப் போன பிறகு சேனல் ஒன் வேலைகள் பெரிதும் இவர்களிடம் வந்தன: ஃப்ளாபா ஹோல்ட் பாஸ், பிங்கி பன்னி கிட்டார், ஸ்டைல் ஸ்காட் ட்ரம்ஸ். எந்தத் தயாரிப்பாளருக்கு வாசித்தாலும் பெயர் அவர்களுடையதே.

இரண்டாவது தொகுப்பின் பாடல் பட்டியலை அனுப்புங்கள். குரல் பதிப்புகளைச் சேர்ந்தே தேடுவோம்.