நீண்ட கப்பல் பயணத்துக்கு எவ்வளவு துணி எடுத்துச் செல்வது, கப்பலில் எப்படித் துவைப்பது?

ஒரு மாதத்துக்கு மேல் நீளும் சொகுசுக் கப்பல் பயணத்துக்கு எத்தனை நாளுக்கான துணி வேண்டும், கப்பலில் துவைக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பயணம் நான்கு வாரமானாலும் நான்கு மாதமானாலும் பத்து நாளுக்கான துணி போதும். ஆனால் அந்தத் துணிகளில் பெரும்பாலானவை ஓர் இரவில் காயக்கூடியவையாக இருக்க வேண்டும். துவைப்பதற்குத் தண்ணீரும் நேரமும் கப்பலில் தாராளமாகக் கிடைக்கும். காயவைக்க இடம்தான் கிடைக்காது. அதனால் ஒரு துணியைப் பெட்டியில் வைக்கலாமா வேண்டாமா என்பதை, அது காய எத்தனை மணி நேரமாகும் என்று பார்த்தே நான் முடிவு செய்கிறேன்.

பெட்டியைத் திறப்பதற்கு முன், உங்கள் கப்பலில் பயணிகளே துவைத்துக்கொள்ளும் சலவை அறை இருக்கிறதா என்று பாருங்கள். இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ராயல் கரீபியன், செலிபிரிட்டி கப்பல்களில் அப்படி ஓர் அறை கிடையாது. பிரின்சஸ் கப்பல்களில் பொதுவாகக் கட்டணத்துடன் உண்டு. வைக்கிங் நிறுவனத்தின் கடல் கப்பல்களிலும் குனார்ட் கப்பல்களிலும் இலவசம். நானும் என் கணவரும் சென்றது குனார்டின் குயின் மேரி 2 கப்பலில். குளிர்காலத்தில் சௌதாம்ப்டனில் புறப்பட்டு, அட்லாண்டிக்கைக் கடந்து நியூயார்க் சென்று, அங்கிருந்து கரீபியத் தீவுகளைச் சுற்றித் திரும்பும் பயணம் அது. பயணிகள் தங்கும் தளங்கள் பலவற்றில் சலவை இயந்திரம், உலர்த்தும் இயந்திரம், இஸ்திரி மேசை ஆகியவற்றுடன் சிறிய அறைகள் இருந்தன. சலவைத்தூளையும் அவர்களே கொடுத்தார்கள்.

இத்தகைய அறையில் எந்த நேரத்துக்குப் போகிறோம் என்பதுதான் முக்கியம். நாள் முழுவதும் கடலிலேயே செல்லும் நாட்களில், காலைச் சிற்றுண்டி முடிந்ததும் எல்லோருக்கும் துணி நினைவு வந்துவிடும்; கூடையோடு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாட்களில், மற்றவர்கள் கரைக்கு இறங்கிய பிறகோ, அவர்கள் திரும்பி வந்து இரவு உணவுக்குச் சென்ற பிறகோ அறை காலியாக இருக்கும். துவைக்க ஆகும் நேரத்தைவிட உலர்த்த ஆகும் நேரம் அதிகம் என்பதால், உலர்த்தும் இயந்திரத்தில்தான் நெரிசல் ஏற்படும். கைபேசியில் அலாரம் வைத்துக்கொண்டு, துணி முடிவதற்கு இரண்டு நிமிடம் முன்பே போய் நிற்பது மரியாதை. தாமதித்தால், காத்திருப்பவர் உங்கள் ஈரத்துணியை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார், அதில் அவர் தவறும் இல்லை.

உலர்த்தும் இயந்திரத்தின் வடிகட்டியில் சேரும் பஞ்சை ஒவ்வொரு முறையும் எடுத்துப் போடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1998 ஜூலையில் மயாமியை விட்டுப் புறப்பட்ட எக்ஸ்டசி என்ற கப்பலில் தீப்பிடித்தது, கப்பலின் முதன்மைச் சலவைக்கூடத்தில்தான். அங்கே நடந்த வெல்டிங் வேலையிலிருந்து பறந்த தீ, காற்றுக்குழாய்களுக்குள் படிந்திருந்த துணிப்பஞ்சைப் பற்றிக்கொண்டு, அந்தக் குழாய் வழியாகவே பின்தளத்தில் இருந்த கயிறுகள் வரை பரவியது. கடலின் நடுவே தீயை விட்டு ஓட இடமில்லை. இஸ்திரிப் பெட்டி, துணிச் சுருக்கம் நீக்கும் நீராவிக் கருவி, தண்ணீர்க் கொதிகலன் போன்றவற்றைப் பயணிகள் தங்கள் அறைக்குக் கொண்டுவரக் கூடாது என்று கப்பல் நிறுவனங்கள் தடை செய்திருப்பதும் இதனால்தான். ஏறும்போதே பெட்டியைச் சோதித்து அவற்றை எடுத்து வைத்துக்கொள்வார்கள். பயணம் முடிந்துதான் திரும்பக் கிடைக்கும்.

சலவை அறை இருந்தாலும் இல்லாவிட்டாலும், உள்ளாடை, காலுறை, மெல்லிய சட்டை ஆகியவற்றை இரவு குளிக்கும்போதே கையால் அலசிப் போட்டுவிடுவது நல்லது. பாதி அளவுக்கு வெட்டிய துணி சோப்பு ஒன்றைச் சோப்பு டப்பாவில் போட்டு எடுத்துச் சென்றால் போதும். கசியாது, விமானத்தில் திரவக் கட்டுப்பாட்டிலும் வராது. கப்பலில் பயன்படும் நீரில் பெரும்பகுதி கடல்நீரிலிருந்து உப்பு நீக்கி எடுக்கப்பட்டது. ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் துவைத்துப் பழகிய கைக்கு அதில் வரும் நுரை வியப்பாக இருக்கும். வீட்டில் போடும் அளவில் கால்வாசி சோப்பு போட்டு, ஒரு முறை கூடுதலாக அலசுங்கள்.

அலசிய துணியை முறுக்கிப் பிழிவதோடு நிறுத்தாமல், குளியல் துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் துணியைப் பரப்பி, இரண்டையும் சேர்த்து இறுக்கமாகச் சுருட்டி, முழங்காலால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். துண்டு ஈரத்தைப் பெருமளவு வாங்கிக்கொள்ளும். அறைப் பணியாளர் மறுநாள் வேறு துண்டு வைத்துவிடுவார். பெரும்பாலான கப்பல்களில் குளிக்குமிடத்துச் சுவரில் இழுத்து மாட்டும் கொடி ஒன்று இருக்கும், ஆனால் அங்கே ஈரக்காற்று தங்கும். படுக்கையறையில் ஏசி காற்று வறண்டிருப்பதால் துணி அங்கே விரைவில் காய்கிறது. கப்பல் அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கிகள் நான்கைந்து கொண்டுபோனால், ஹேங்கரோடு எங்கு வேண்டுமானாலும் மாட்டலாம்.

பால்கனியில் மட்டும் காயப்போட வேண்டாம். காற்று பிடுங்கிக்கொண்டு போவது ஒருபுறம் இருக்க, கடற்காற்றின் உப்பு துணியில் படிந்தால் அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காய்ந்தது போலத் தெரிந்தாலும் உடுத்தும்போது பிசுபிசுக்கும். தீயும் ஒரு காரணம். 2006 மார்ச்சில் ஜமைக்காவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் ஒரு பால்கனியில் பற்றிய தீ, பால்கனிக்குப் பால்கனி தாவிப் பல தளங்களை எரித்தது. பயணி ஒருவர் உயிரிழந்தார். அணைக்காமல் எறியப்பட்ட சிகரெட் துண்டே காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. அதன் பிறகு பால்கனி தொடர்பான பாதுகாப்பு விதிகள் உலக அளவில் கடுமையாக்கப்பட்டன.

இனி, எந்தத் துணி என்பதற்கு வருகிறேன். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். அறையில் காய இரண்டு நாளுக்கு மேலாகும். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த மெல்லிய கால்சட்டை, விரைவில் காயும் சட்டைகள், லெகின்ஸ், குர்தி இவை நல்லவை. புடவை உடுத்துபவர்களுக்குக் கப்பல் மிகவும் ஏற்ற இடம் என்பது என் உறுதியான கருத்து. புடவை பெட்டியில் சிறிதளவே இடம் பிடிக்கும், உடல் எடை கூடினாலும் குறைந்தாலும் பொருந்தும். குயின் மேரி 2 கப்பலில் ஏழு இரவு அட்லாண்டிக் கடப்பில் பொதுவாக இரண்டு மாலைகள் முழு அலங்கார உடைக்கு உரியவை; ஆண்கள் கறுப்பு டை கட்டிய டின்னர் சூட்டிலும் பெண்கள் நீண்ட கவுனிலும் வருவார்கள். அவரவர் நாட்டு மரபுடையையும் குனார்ட் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே எனக்கு மென்பட்டுப் புடவைகளும், என் கணவருக்குக் கழுத்து மூடிய பந்த்கலா கோட்டு ஒன்றும் அந்த மாலைகள் எல்லாவற்றுக்கும் போதுமாக இருந்தன.

பட்டுப் புடவையைக் கப்பலில் துவைக்க வேண்டிய தேவையே வராது. உணவு முடிந்து வந்ததும் மடிக்காமல் ஹேங்கரில் ஓர் இரவு ஆறவிட்டால் போதும். சிக்கல் ரவிக்கையில்தான்: அக்குள் பகுதியில் வியர்வை உறிஞ்சும் பட்டையை உட்புறமாகத் தைத்துக்கொண்டு, அதை மட்டும் கழற்றி அலசுவது நல்ல வழி. பல புடவைகளுக்குப் பொருந்தும் கறுப்பு ரவிக்கை ஒன்றும் பொன்னிற ரவிக்கை ஒன்றும் இருந்தால் சுமை பாதியாகக் குறையும். லைனிங் வைத்த ரவிக்கையையும் ஃபால் தைத்த புடவையையும் உலர்த்தும் இயந்திரத்தில் போடாதீர்கள். இரண்டு துணியும் வெவ்வேறு அளவில் சுருங்கி, தையல் ஓரம் இழுத்துக்கொண்டு நிற்கும். உள்பாவாடையின் நாடா உருவிப் போய்விடாமலிருக்க, இரு முனைகளையும் முடிச்சிட்டுப் போடுங்கள்.

பணம் கொடுத்துச் சலவைக்குப் போடும் முறை பெரும்பாலான கப்பல்களில் உண்டு. உருப்படிக்கு இவ்வளவு என்ற கணக்கு விலை அதிகம். ஒரு பை நிறைய இவ்வளவு என்று சில நிறுவனங்கள் தரும் சலுகை அதைவிட மிகவும் மலிவு. அந்தப் பையில் போகும் துணி பெரிய இயந்திரங்களில் சூடாகத் துவைத்து சூடாகவே உலர்த்தப்படும். பனியன், இரவு உடை, வெள்ளைச் சட்டை போன்றவற்றை அதில் அனுப்பலாம். கம்பளி, சாயம் போகும் துணி, நீங்கள் விரும்பிப் போற்றும் எதையும் அனுப்ப வேண்டாம். துணி திரும்பி வர இரண்டு மூன்று நாளாகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். கரையில் இறங்கிச் சலவைக் கடை தேடுவதை நான் ஆதரிப்பதில்லை. பார்பேடாசில் கிடைக்கும் ஆறேழு மணி நேரத்தைச் சலவை இயந்திரத்தின் முன் கழிக்க மனம் வராது.

குளிரும் வெப்பமும் ஒரே பயணத்தில் வந்தால், குளிருக்குத் தனிப் பெட்டி கட்டாதீர்கள். காற்றும் மழையும் புகாத மேலங்கி ஒன்று, அதற்குள் மெல்லிய கம்பளி ஒன்று, உடலோடு ஒட்டும் வெப்ப உள்ளாடை இரண்டு என்று அடுக்கிப் போட்டால் டிசம்பர் மாத நியூயார்க்கையே தாங்கலாம். அவற்றுள் அடிக்கடி துவைக்க வேண்டியது உள்ளாடை மட்டுமே. வெப்பப் பகுதிக்கு வந்ததும் கணக்கு தலைகீழாகும்: நாளொன்றுக்கு இரண்டு சட்டை நனையும், ஆனால் அவை மெல்லியவை. கரீபியத் தீவுகளுக்குப் போகிறவர்கள், ராணுவச் சீருடை போலத் திட்டுத்திட்டான வடிவம் கொண்ட (கேமோஃப்ளாஜ்) துணியை எடுத்துச் செல்லாதீர்கள். பார்பேடாஸ், செயின்ட் லூசியா உள்ளிட்ட சில தீவுகளில் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம். குழந்தைகளின் தொப்பிக்கும் பைக்கும்கூட இது பொருந்தும்.

ஏறும் நாளில் பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வர மாலையாகலாம். ஆகவே மருந்துகளும் ஒரு மாற்று உடையும் கைப்பையில் இருக்கட்டும். இறங்கும் நாளுக்கு முந்தைய இரவே பெட்டிகளைப் பூட்டி அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். அதனால் கடைசிக் கைச்சலவையை அதற்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள். மறுநாள் உடுத்தும் உடையையும் இரவு உடை போட்டுக்கொள்ளும் ஒரு பையையும் மட்டும் அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.