‘மா’ என்ற சொல் ஏன் மொழிக்கு மொழி வேறு பொருள் தருகிறது?

தஞ்சாவூர்ப் பக்கம் ‘மூணு மா நிலம்’ என்றால் ஏறக்குறைய ஓர் ஏக்கர். 20 மா சேர்ந்தால் ஒரு வேலி, அதுவும் நில அளவுதான். மாமரத்து மாவும் இட்லி மாவும் வேறு. கிட்டத்தட்ட இதே ஒலிக்கு இத்தாலிய மொழியில் ‘ஆனால்’ என்று பொருள், வியட்நாமில் ‘பேய்’. சீனத்தில் குரலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து அம்மா, அல்லது குதிரை!

வாய்க்கு எளிதான ஓரெழுத்து ஒலிகள் கொஞ்சம்தான், சொல்ல வேண்டிய பொருள்களோ ஏராளம். அதனால் ஒவ்வொரு மொழியும் அதே ஒலியைத் தன் போக்கில் எடுத்துக்கொள்கிறது. டெல்டாவில் ஊருக்கு ஊர் ஒரு மேலத்தெரு இருக்கிறதே, அது மாதிரி. திசை நாலுதான், ஊர்கள் எத்தனையோ.

ஒரு சொல்லின் ஒலி ஒத்துப்போனாலே மொழிகள் உறவு என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது, உறவு இருந்தால் பால், பல், புலி கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி ஆவதுபோல ஒரே ஒலி மாற்றம் பல சொற்களில் வரிசையாகத் தெரியும்.