வலி நின்றதும் மாத்திரையை நிறுத்தலாமா?

குடல் புண்ணை உண்டாக்கும் ஹெச்.பைலோரி கிருமிக்குக் கொடுத்த மருந்தை வலி நின்றதும் பாதியில் விட்டுவிட்டு, இது கேன்சராகுமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஏப்பம், நாக்கில் கசப்பு, வயிற்றில் உருளும் சத்தம் இவற்றை விட்டுவிடுங்கள். மருந்தால் வரும் கசப்பு, மருந்தை நிறுத்தியபின் தானே போய்விடும். நீங்கள் பயப்படுவது கேன்சருக்கு. குழாய் விட்டுப் பார்த்த எண்டோஸ்கோப்பியில் தெரிந்தது சிறுகுடலின் தொடக்கத்தில் உள்ள புண். அந்த இடத்துப் புண் புற்றுநோயாவது மிக அரிது. ஹெச்.பைலோரி கிருமி உள்ளவர்களிலும் பெரும்பாலோருக்கு வயிற்றுப் புற்றுநோய் வருவதில்லை. இரவு 2 மணிக்கு செல்போனில் தேடுவதை நிறுத்துங்கள்.

எனக்குக் கவலை வேறு. 14 நாள் மருந்தை 6 நாளில் நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது, முட்டிவலிக்குக் கடையில் டைக்லோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கிப் போடுகிறேன் என்கிறீர்கள். ஆறாத புண்ணில் அந்த மாத்திரை ரத்தக்கசிவை உண்டாக்கும். இன்றே நிறுத்துங்கள்.

மலத்தைக் கவனியுங்கள். இந்தக் கிருமிக்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்றான பிஸ்மத் மாத்திரை சாப்பிடும்போது மலம் கறுப்பது சாதாரணம். இப்போது அதைச் சாப்பிடவில்லை, அதனால் பிஸ்மத்தின் மேல் பழி போட முடியாது. ரத்தம் கலந்த மலம் தார் மாதிரி பளபளப்பாக இருக்கும், தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டிக்கொண்டு நிற்கும், நாற்றமே வேறு. என்னிடம் வந்த ஒருவர், மலம் கறுத்தது ஈரல் சாப்பிட்டதால்தான் என்று மூன்று நாள் சும்மா இருந்துவிட்டார்; ஹீமோகுளோபின் 5-க்கு இறங்கிய பிறகு தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரே ஒரு தடவை அப்படிப் போனாலும், காப்பித்தூள் போல வாந்தி வந்தாலும், விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சரி, உங்கள் மைத்துனருக்கு இதே கிருமிக்கு 7 நாள்தானே கொடுத்தார்கள் என்று கேட்கிறீர்கள். முன்பு அது போதுமாக இருந்தது. சளிக்கும் இருமலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் ஆன்டிபயாட்டிக்கை நாமே வாங்கி விழுங்கி, இந்தக் கிருமியை, அதைக் கொல்லும் கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல் மருந்துகளுக்குப் பழக்கிவிட்டோம். அதனால்தான் 14 நாள். 10 நாள் சிகிச்சையும் உண்டு, ஆனால் அது மருந்தைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வது. வலி போனதற்கு முக்கியக் காரணம் அமிலம் குறைக்கும் மாத்திரை. கிருமி செத்தது என்று அதற்கு அர்த்தமில்லை.

மிச்சமுள்ள மாத்திரைகளை இப்போது எடுத்து விழுங்க வேண்டாம். எழுதிக்கொடுத்த டாக்டரிடமே போய், பாதியில் விட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆன்டிபயாட்டிக் நிறுத்தி 4 வாரம் கழிந்தபின் மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்தால் கிருமி இருக்கிறதா என்று தெரியும். அதற்கு 2 வாரம் முன்பே, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அமிலம் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரையை நிறுத்த வேண்டும். ரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது. கிருமி செத்த பிறகும் பல மாதம் பாசிட்டிவ் என்றே காட்டும்.