மகள் ஹாஸ்டலில் தங்கலாமா?

கேள்வி: என் மகள் ஜெர்மனியில் ஆஹன் நகரில் முதுகலைப் பொறியியல் படிக்கிறாள். டிசம்பர் விடுமுறையில் தோழி ஒருத்தியோடு பிராக், வியன்னா, புடாபெஸ்ட் மூன்றையும் பார்க்கப் போகிறாள். போகிற ஊரிலெல்லாம் ஹாஸ்டலில் ஆளுக்கொரு கட்டில் எடுத்துத் தங்குவார்களாம். ஆண்களும் பெண்களும் ஒரே அறையில் படுப்பார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ‘ஹோட்டலில் தங்கு, பணம் அனுப்புகிறேன்’ என்றால், ‘பணத்துக்காக மட்டும் இல்லை அம்மா’ என்கிறாள். நான் பள்ளி ஆசிரியை, கட்டுப்பெட்டி அல்ல. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. எப்படித் தடுப்பது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தடுக்காதீர்கள். எந்த ஹாஸ்டல், எந்த அறை என்று கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். ஆணும் பெண்ணும் சேர்ந்து தங்கும் பொது அறைகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலான ஹாஸ்டல்களில் பெண்களுக்கு மட்டுமான அறையும் இருக்கிறது. நான்கு, ஆறு அல்லது எட்டுக் கட்டில் கொண்ட அறை அது. முன்பதிவு செய்யும்போதே அதைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். நல்ல இடமாக இருந்தால் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு திரை, தலைமாட்டில் சிறு விளக்கு, செல்போன் சார்ஜ் செய்ய ஒரு பிளக், பையைப் பூட்டி வைக்க ஒரு பெட்டி இருக்கும். பூட்டு பல இடங்களில் நம்முடையதாக இருக்க வேண்டும். சிறிய பூட்டு ஒன்றை மகள் கையோடு கொண்டு போகட்டும். பாஸ்போர்ட்டும் ஜெர்மன் குடியிருப்பு அனுமதி அட்டையும் அந்தப் பெட்டியில்கூட வேண்டாம், உடம்போடு இருக்கட்டும். போனதும் மெத்தையின் தையல் ஓரத்தைத் தூக்கி மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

‘பணத்துக்காக மட்டும் இல்லை’ என்றாளே, அதுதான் எனக்குப் பிடித்த வரி. பணமும் சிறிய விஷயமல்ல. ஹோட்டல் அறைக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் ஒரு கட்டிலுக்கு ஆகும். ஆனால் ஹோட்டலில் கதவைச் சாத்தினால் உள்ளே அவளும் தோழியும் ஆளுக்கொரு செல்போனும்தான். ஹாஸ்டலின் உயிர் அதன் சமையலறையில் இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு அங்கே நின்று பார்க்க வேண்டும். ஓர் அடுப்பில் பாஸ்தா கொதிக்கும், பக்கத்து அடுப்பில் ஒரு கொரியப் பெண் நூடுல்ஸ் கிளறிக்கொண்டிருப்பாள், வாணலிக்கு இரண்டு பேர் காத்திருப்பார்கள். குளிர்பெட்டிக்குள் ஒவ்வொரு பையிலும் பெயரும் கிளம்பும் தேதியும் எழுதி ஒட்டியிருக்கும். ஊருக்குக் கிளம்பியவர்கள் விட்டுப்போன அரிசி, உப்பு, எண்ணெய் ஒரு தட்டில் இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் மகள் அங்கே எலுமிச்சைச் சாதம் தாளித்தால், கடுகு வெடிக்கிற சத்தத்துக்கே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பேச்சு அப்படித்தான் தொடங்கும். புடாபெஸ்டின் செச்செனி வெந்நீர்க் குளத்தில் எந்த நேரத்தில் கூட்டம் குறைவு என்று அன்று காலை போய்வந்தவர் சொல்வார். மறுநாள் அரண்மனை பார்க்க இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொள்வார்கள். கூச்ச சுபாவம் உள்ள பெண் என்றால் இதற்காகவே சமையலறை உள்ள சிறிய ஹாஸ்டலாகப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். இருநூறு முந்நூறு கட்டில் உள்ள பெரிய கட்டடத்தில் ஹோட்டலைப் போலவே யாரும் யாரையும் கவனிக்க மாட்டார்கள்.

நீங்கள் ஆசிரியை என்பதால் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். இந்த ஏற்பாட்டை உருவாக்கியவரும் ஒரு பள்ளி ஆசிரியர்தான். 1909-இல் ரிச்சர்ட் ஷிர்மான் மாணவர்களை நடைப்பயணம் அழைத்துப் போனபோது பெருமழையில் மாட்டிக்கொண்டு ஒரு கிராமப் பள்ளியில் இரவைக் கழித்தார். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளைப் பயணம் போகும் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1912-இல் ஆல்டெனா ஊரின் பழைய கோட்டைக்குள் நிரந்தர விடுதி வந்தது. உங்கள் மகள் படிக்கும் அதே மாநிலத்தில்தான் அந்த ஊர் இருக்கிறது. மரக் கட்டில்கள் அடுக்கிய அந்தக் கூடத்தை அருங்காட்சியகமாகக் காத்துவருகிறார்கள்.

இனி உண்மையாகவே எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம், புடாபெஸ்ட். மதுக்கூடங்கள் நிறைந்த ஏழாம் வட்டாரத்தில் விடிய விடிய கூத்தடிப்பதற்கென்றே நடக்கும் ஹாஸ்டல்கள் இருக்கின்றன. கட்டில் மலிவாகக் கிடைக்கும், தூக்கம் கிடைக்காது. விளம்பரத்தில் தினமும் இரவு மதுக்கடைச் சுற்றுலா என்று போட்டிருந்தால் அதைத் தாண்டிப் போய்விடலாம். முன்பதிவுத் தளத்தில் ஹாஸ்டலுக்குப் போட்டிருக்கும் மொத்த மதிப்பெண்ணை மட்டும் நம்பாமல், கடந்த சில மாதங்களில் தனியாக வந்து தங்கிய பெண்கள் எழுதியதைப் படிக்கச் சொல்லுங்கள். குளியலறைத் தாழ்ப்பாள், இரவில் வரவேற்பறையில் ஆள், ரயில் நிலையத்திலிருந்து நடந்துவரும் தெருவில் வெளிச்சம், இவற்றையெல்லாம் அவர்கள்தான் எழுதுகிறார்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைக்காக மூன்று ஊரிலும் கூட்டம் மொய்க்கும். தள்ளிப்போட்டால் நல்ல இடங்கள் போய்விடும், மிச்சமிருப்பதும் விலை ஏறிவிடும்.

மனம் இன்னும் ஆறவில்லையென்றால், அதற்கு முன் ஒரு சனிக்கிழமை கொலோன் நகரில் ஓர் இரவு தங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆஹனிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம்தான். ரைன் நதிக்கு அக்கரையில் டாய்ட்ஸ் பகுதியில் ஜெர்மன் இளைஞர் விடுதிச் சங்கத்தின் விடுதி இருக்கிறது. உறுப்பினர் அட்டை வேண்டும், காலைச் சிற்றுண்டியும் படுக்கை விரிப்பும் வாடகைக்குள் அடக்கம். அங்கே குடும்பத்தோடு பிள்ளைகளும் வந்து தங்குவதைப் பார்க்கலாம். அந்த அறையிலிருந்து உங்களுக்கு வீடியோவில் பேசட்டும்.

ஹோட்டலுக்கு அனுப்ப நினைத்த பணத்தை எப்படியும் அனுப்பிவிடுங்கள். அறையில் யாரோ ஒருவரின் நடத்தை பிடிக்கவில்லை என்றால் வரவேற்பறையில் சொல்லி அறை மாற்றிக்கொள்ளலாம். அதுவும் சரிவராவிட்டால் நள்ளிரவானாலும் தோழியோடு கிளம்பிப் போய் வேறோர் இடத்தில் தனியறை எடுக்க அந்தப் பணம் அவள் கையில் இருக்க வேண்டும். அப்படிச் செலவழித்தால் ஏன் என்று கேட்க மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.