மருந்துக்கடையில் தடுப்பூசி போடலாமா?

கேள்வி: லண்டனில் இருக்கும் என் மகள் மருந்துக்கடையிலேயே ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டாள். இங்கே அதற்கும் டாக்டரைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. மருந்தாளுநர் போட்டால் என்ன? டாக்டர்கள் ஏன் தயங்குகிறார்கள்?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில் (ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், மேலூர்):

ஐயா, இங்கிலாந்தில் 2015 முதலே அரசுத் திட்டத்தில் மருந்துக்கடைகளில் ஃப்ளூ ஊசி போடுகிறார்கள். நம் நாட்டிலும் கொரோனா தடுப்பூசி வந்தபோது, ஊசி போடத் தகுதியானவர்கள் பட்டியலில் டாக்டர், நர்ஸோடு மருந்தாளுநரையும் மத்திய அரசு சேர்த்திருந்தது.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தபோது இந்தப் பேச்சு அடிக்கடி வரும். ஊசி குத்துவதைப் பற்றி டாக்டர்களுக்குக் கவலையில்லை. மிக அரிதாக ஒருவருக்கு ஊசி போட்ட சில நிமிடங்களில் மூச்சு முட்டி, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். உடனே தொடையில் அட்ரினலின் என்ற அவசர மருந்தை ஊசியாகப் போட வேண்டும். கடை வாசலில் அதை யார் செய்வது என்பார்கள். "பயிற்சி கொடுங்கள், செய்கிறோம்" என்பார் எங்கள் மருந்தாளுநர். 2008-ல் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதன்பிறகு ஊருக்குள் போய் ஊசி போடுவதையே அப்போது நிறுத்தி, சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னோம். அந்த நாட்களைப் பார்த்த டாக்டர் சட்டென்று சரி சொல்ல மாட்டார்.

என்னைக் கேட்டால், பெரியவர்களுக்கான ஃப்ளூ ஊசியைப் பயிற்சி பெற்ற மருந்தாளுநர் தாராளமாகப் போடலாம். வேலைக்குப் போகிறவர்கள் இரவு எட்டு மணிக்குக்கூடப் போட்டுக்கொள்வார்கள். கைக்குழந்தைகளுக்கு மட்டும் வேண்டாம். அதற்குப் புதன்கிழமை சுகாதார நிலையம் இருக்கிறது. ஆனால் சில கடைகளில் சுவரில் மருந்தாளுநரின் சான்றிதழ் தொங்கும், கவுன்ட்டரில் வேறு யாரோ நிற்பார்கள். அதைச் சரிசெய்யாமல் அனுமதி கொடுத்தால் நானே எதிர்ப்பேன்.

இப்போதைக்கு, கடையில் வாங்கி டாக்டரிடம் கொண்டுபோவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மதுரை வெயிலில் சட்டைப்பையில் வைத்துப் பஸ் ஏறாதீர்கள். ஐஸ் கட்டிமேல் நேராக வைப்பதும் தப்பு. ஃப்ளூ மருந்து உறைந்துபோனால் வீண். துணியில் சுற்றி ஐஸ் பையோடு எடுத்துப் போங்கள். போட்டதும் அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.