அப்பா லெபனானில், இங்கே நனையும் படுக்கை

கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரர் மலேசியத் தரைப்படையில் இருக்கிறார். சபாவுக்கு இரண்டு முறை போய் வந்தார். லெபனானுக்கு இது இரண்டாவது தடவை. நான் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் மாமியாரோடு இருக்கிறேன். ஒன்பது வயது மகன் பல வருடங்களாகப் படுக்கையை நனைத்ததே இல்லை, இப்போது வாரத்தில் மூன்று நாள் நனைக்கிறான். நான்கு வயது மகள் பாத்ரூம் வரைக்கும் பின்னாலேயே வருகிறாள். அவர் வேலை முடிந்து போன் பண்ணும்போது இங்கே இரவு ஒரு மணி. அதன் பிறகு தூக்கம் வருவதில்லை. தலைவலி, எரிச்சல், பிள்ளைகளை அடித்தும் விடுகிறேன். “முதல் தடவையா போறான்? இந்நேரம் பழகியிருக்கணுமே” என்கிறார் மாமியார். அவருடைய தூக்க மாத்திரையில் பாதி போட்டுக்கொள்ளலாமா?

பதில்: மாத்திரை வேண்டாம், சகோதரி. அது அவருக்கு எழுதிக் கொடுத்தது. சில தூக்க மாத்திரைகள் விட முடியாத பழக்கமாகிவிடும். அதோடு, நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எழுந்து பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

பழகிவிடும் என்று உங்கள் மாமியார் மட்டுமல்ல, படித்தவர்களும் நினைக்கிறார்கள். சாமான் கட்டுவது, கணக்கு வழக்கு பார்ப்பது இவையெல்லாம் பழகும். உடம்பும் மனசும் அப்படியில்லை. முதல் பிரிவின் களைப்பு தீருமுன் அடுத்தது வந்தால், பழைய கடனோடு வட்டியும் சேருகிற மாதிரிதான். அமெரிக்கத் தரைப்படை வீரர்களின் மனைவியர் சுமார் இரண்டரை லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை அலசிய ஆய்வு ஒன்று 2010-இல் வெளிவந்தது. கணவர் வெளியே இருந்த மாதங்கள் கூடக் கூட, மனச்சோர்வும் தூக்கக் கோளாறும் பதற்றமும் கூடியிருந்தன. அது ஈராக், ஆப்கானிஸ்தான் போர்க்காலம். நம்மவர்கள் 2007 முதல் லெபனானில் இருப்பது ஐ.நா. அமைதிப்படையில், இரண்டையும் அப்படியே ஒப்பிட மாட்டேன். ஆனாலும் 2024-இல் தெற்கு லெபனானில் குண்டு விழுந்தபோது செய்தி பார்த்துக்கொண்டிருந்த மனைவியிடம் ‘அமைதிப்படைதானே’ என்று யார் சொல்ல முடியும்?

மகனை முதலில் உடம்பு டாக்டராகவே பார்க்கிறேன். பல வருடம் உலர்ந்திருந்த பிள்ளை மறுபடி நனைத்தால் மனக்கவலை என்று உடனே முத்திரை குத்தக்கூடாது. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் சிறுநீரையும் இரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடலாம். தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறானா, மெலிகிறானா, மலச்சிக்கல் உண்டா என்று கவனியுங்கள். தாகமும் மெலிவும் சேர்ந்திருந்தால் நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள், அன்றே போங்கள். எல்லாம் சரியாக இருந்தால், அப்பா இல்லாத பயம் தூக்கத்தில் வெளிவருகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். திட்டாதீர்கள், தங்கை முன்னால் பேசாதீர்கள். பாய்க்கு மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போதும். வகுப்பாசிரியரிடம் அப்பா வெளிநாட்டில் இருப்பதைச் சொல்லி வையுங்கள். பல பள்ளிகளில் தெரிவதே இல்லை, பையன் ‘சேட்டைக்காரன்’ ஆகிவிடுகிறான்.

மகள் ஒட்டிக்கொள்வது அந்த வயதுக்கு இயல்பு. ஒருவர் போய்விட்டார், இவரும் போய்விடுவாரோ என்று காவல் இருக்கிறாள். வெளியே போகும்போது அவளுக்குத் தெரியாமல் நழுவாதீர்கள். எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது உங்களைப் பற்றித்தான். இந்த வயதுப் பிள்ளைகளின் நிலை, வீட்டில் இருப்பவரின் நிலையைப் பின்தொடர்கிறது. அந்த ஒரு மணி போனை மாற்றுங்கள். லெபனான் நமக்கு ஐந்து அல்லது ஆறு மணி நேரம் பின்னால். இங்கே மாலை ஏழு என்றால் அங்கே மதியச் சாப்பாட்டு நேரம், அப்போது பிள்ளைகளும் பேசலாம். முடியாத நாளில் அவர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பட்டும், காலையில் கேட்டுக்கொள்ளுங்கள். படுக்கையில் செய்தி பார்ப்பதையும் விழித்திருக்கக் குடிக்கும் கோப்பியையும் நிறுத்துங்கள்.

கிளினிக்குக்கு மகனோடு போகும் அன்றே உங்களையும் காட்டுங்கள். இரத்தசோகை, தைராய்டு இரண்டும் இதே மாதிரி களைப்பைத் தரும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், பசியில்லாமல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு. கை ஓங்கும் நேரத்தில் பிள்ளைகளை மாமியாரிடம் விட்டு வாசலுக்கு வந்துவிடுங்கள். உயிரை விடலாம் என்ற நினைப்பு வந்தாலோ, பிள்ளைகளுக்குக் காயம் ஏற்படுத்திவிடுவோமோ என்று பயந்தாலோ, 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

முகாம் குவார்ட்டர்ஸில் இருக்கும் மனைவியருக்குப் பக்கத்து வீட்டிலேயே இதே கதை உண்டு. தோட்டத்தில் நீங்கள் தனி ஆள். படைக் குடும்பங்களுக்கான பாக்காட் அமைப்பை அவருடைய முகாம் வழியாகத் தொடர்பு கொள்ளுங்கள். தயங்க வேண்டாம், அது உங்களுக்காகத்தான் இருக்கிறது.

கடைசியாக, அவர் திரும்பும் நாள். மகள் அவரிடம் போகாமல் உங்கள் பின்னால் ஒளியலாம், மகன் எதிர்த்துப் பேசலாம், நீங்களே ‘என் வீட்டில் இவர் என்ன உத்தரவு போடுகிறார்’ என்று எரிச்சல்படலாம். போனிலேயே இப்போதே சொல்லி வையுங்கள்: முதல் சில வாரங்கள் கண்டிப்பு வேண்டாம், நடந்துகொண்டிருக்கும் முறை அப்படியே நடக்கட்டும். அவருக்குக் கெட்ட கனவு, சத்தத்துக்குத் திடுக்கிடல், குடி கூடுதல் இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், முகாம் மருத்துவ அதிகாரியிடம் நீங்களும் கூடவே போங்கள். தனியாக விட்டால் “ஒன்றுமில்லை டாக்டர்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்.