மாமனார் மாமியாரோடு நாபா, சோனோமா போகிறோம், எந்த ஒயினரி டூர், டேஸ்டிங் எடுக்கலாம்?

கேள்வி: அக்டோபரில் மூன்று நாள் கலிஃபோர்னியாவின் ஒயின் பகுதிகளான நாபா, சோனோமா பக்கம் போகிறோம். நானும் கணவரும், ஒரு நண்பர் தம்பதி, கூடவே ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார் மாமியார். யாரும் பெரிய ஒயின் ரசிகர்கள் இல்லை, மாமனார் மாமியார் தொடவே மாட்டார்கள். எந்த ஒயினரிகளை, அதாவது ஒயின் தயாரிக்கும் இடங்களை, தேர்ந்தெடுப்பது? ஒரு நாளைக்கு ஐந்து போட்டால் சரியாக இருக்குமா?

பதில்:

ஐந்து வேண்டாம். இரண்டு போதும், மூன்றாவது மனமிருந்தால். உட்கார வைத்து ஊற்றித் தருகிற டேஸ்டிங் ஒன்றுக்கு ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் போய்விடும், ஒயின் வைக்கும் குகை, தோட்டம் என்று சுற்றிக்காட்டினால் அதற்கும் மேலே. பெரும்பாலான ஒயினரிகள் காலை பத்துக்குத் திறந்து சாயங்காலம் ஐந்துக்கெல்லாம் மூடிவிடுகின்றன, கடைசி டேஸ்டிங் நான்கு மணி வாக்கிலேயே. நடுவில் சாப்பாடு, 29-ஆம் நெடுஞ்சாலையில் சனிக்கிழமை நெரிசல், மாமியாருக்கு பாத்ரூம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அதோடு நாக்கும் ஒத்துழைக்க வேண்டுமே, நான்காவது இடத்துக்குப் போகும்போது நூறு டாலர் பாட்டிலுக்கும் இருபது டாலர் பாட்டிலுக்கும் வித்தியாசம் தெரியாது.

நான் ஃப்ரீமாண்ட்டில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் கோல்டன் கேட் பாலம், அப்புறம் நாபா என்று கூட்டிக்கொண்டு போவது இங்கே எழுதப்படாத சட்டம், அதனால் எல்லா வகை ஆட்களோடும் போயிருக்கிறேன். என் கருத்து இதுதான்: ஒயினைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், காரில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ‘டாப் டென்’ பட்டியல்கள் எல்லாம் ஒயின் தெரிந்த இரண்டு பேர் போகிற மாதிரி எழுதப்பட்டவை. உங்கள் காரில் ஆறு பேர், அதில் இரண்டு பேர் குடிக்க மாட்டார்கள், ஒருவர் ஓட்ட வேண்டும். மிச்சம் மூன்று பேருக்காக ஆறு பேரின் விடுமுறையைத் திட்டமிடுவது சரியில்லை.

முதலில் மாமனார் மாமியார். குடிக்காதவர்களை டேஸ்டிங் மேசையில் ஒன்றரை மணி நேரம் தண்ணீர் கிளாஸோடு உட்கார வைப்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது. அவர்களுக்குக் கண்ணால் பார்க்க ஏதாவது வேண்டும், அதனால் ஒரு நாளைக்கு ஒரு இடமாவது ஒயின் இல்லாமலே பார்க்கத் தகுந்ததாக இருக்கட்டும். கலிஸ்டோகாவில் இருக்கும் காஸ்டெல்லோ டி அமரோஸா அந்த வகை. இத்தாலியின் டஸ்கனியில் இருக்கும் இடைக்கால கோட்டைகளைப் பார்த்து அதே மாதிரி கட்டியது, 107 அறைகள், அகழி, இழுபாலம் எல்லாம் உண்டு, திறந்தது 2007-இல்தான். ஒயின் விமர்சகர்கள் முகம் சுளிப்பார்கள், விடுங்கள், உங்கள் மாமனார் ஃபோனில் நூறு படம் எடுப்பார். ஆனால் டூரில் படி ஏறி இறங்க வேண்டியிருக்கும், மாமியாருக்கு முட்டி வலி என்றால் யோசிக்கவும். அப்படியானால் பக்கத்திலேயே ஸ்டெர்லிங், குன்றின் மேலே ரோப் காரில் போய் இறங்கலாம், பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். 2020 காட்டுத்தீயில் சேதமாகி வருஷக்கணக்கில் மூடியிருந்து 2023-இல் திறந்தார்கள்.

குகை பார்க்க வேண்டும் என்றால் ஷ்ராம்ஸ்பெர்க்கை விட வேண்டாம். 1862-இல் ஜேகப் ஷ்ராம் என்ற ஜெர்மன்காரர் ஆரம்பித்தது, மலையைக் குடைந்த குகைகளை 1870-களில் சீனத் தொழிலாளர்கள் கையாலேயே வெட்டினார்கள். உள்ளே வரிசை வரிசையாக ஸ்பார்க்ளிங் (நுரை பொங்கும்) ஒயின் பாட்டில்கள் அடுக்கிக் கிடக்கும், குளிரும், சால்வை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்ஸன் சீனாவுக்குப் போனபோது பெய்ஜிங்கில் சீனப் பிரதமர் சூ என்லாயோடு உயர்த்திய கோப்பையில் இருந்தது இந்த ஒயினரியின் ஸ்பார்க்ளிங்தான். அந்தக் காலத்தில் பேப்பர் படித்த மாமனாருக்கு இந்தக் கதை ஒன்று போதும். குடிக்காதவர்களுக்கும் முழுக் கட்டணமா என்று மட்டும் புக் செய்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் 21 வயதுக்குக் கீழே யாரையும், கைக்குழந்தையைக் கூட, உள்ளே விட மாட்டார்கள். உங்கள் குழுவில் குழந்தைகள் இல்லை போலிருக்கிறது, இருந்தாலும் நண்பர் தம்பதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஏன் முன்பதிவு என்று இங்கே பலர் எரிச்சல்படுகிறார்கள். அது பந்தா இல்லை, நாபா கவுன்டியின் சட்டம். 1968-லேயே பள்ளத்தாக்கின் விவசாய நிலத்தைப் பிளாட் போட முடியாதபடி காப்பு நிலமாக அறிவித்துவிட்டார்கள், பிறகு 1990-இல் வந்த விதிப்படி புது ஒயினரிகள் முன்பே நேரம் வாங்கியவர்களை மட்டும்தான் அனுமதிக்கலாம், கல்யாணம், ரெஸ்டாரன்ட் எதுவும் நடத்தக் கூடாது. அதற்கு முன்பே உரிமம் வாங்கிய பழைய இடங்களுக்குக் கொஞ்சம் தாராளம் உண்டு. செயின்ட் ஹெலெனாவில் வி. சட்டூய் மாதிரி டெலியும் (ரெடி சாப்பாட்டுக் கடை) பிக்னிக் புல்வெளியும் வைத்திருக்கும் இடங்கள் அந்த வகையில் வருகின்றன. அக்டோபர் அறுவடை நேரம், கூட்டம் அதிகம், அதனால் சில வாரங்கள் முன்னாடியே புக் செய்துவிடுங்கள், செவ்வாய் முதல் வியாழன் வரை கிடைத்தால் ரொம்ப நல்லது. அறுவடையில் ஒரு லாபமும் இருக்கிறது, திராட்சை லாரிகள் வந்து இறங்குவதையும் தொட்டிகளில் நொதிப்பதையும் நேரிலேயே பார்க்கலாம், காற்றிலேயே அந்த வாடை இருக்கும். எல்லா டூரிலும் அதைக் காட்ட மாட்டார்கள், வேலை நடக்கிற பக்கம் கூட்டிப் போவீர்களா என்று ஃபோனில் கேட்டுவிடுவது உத்தமம்.

‘டூர்’ என்று போட்டிருப்பதையும் அப்படியே நம்பாதீர்கள். சில இடங்களில் அது கையில் ஒரு கிளாஸைக் கொடுத்து வராந்தாவிலிருந்து தோட்டத்தைக் கை காட்டுகிற பத்து நிமிஷம். வர்ணனையில் தோட்டத்துக்குள் நடக்கிறார்களா, பீப்பாய் அறைக்குள் போகிறார்களா, குழுவில் எத்தனை பேர், எத்தனை வகை ஊற்றுவார்கள் என்று இருக்கிறதா பாருங்கள். மூன்று நாளில் ஒரே ஒரு முழு டூர் போதும், மற்றதெல்லாம் டேஸ்டிங். இரண்டாவது டூரிலும் அதே எஃகுத் தொட்டி, அதே பிரெஞ்சு ஓக் பீப்பாய், அதே விளக்கம்தான்.

அடுத்து, இடங்களைச் சிதற விடாதீர்கள். நாபா பள்ளத்தாக்கு முப்பது மைல் நீளம், அகலம் அதிகபட்சம் ஐந்து மைல் இருக்கும். மேற்கே 29, கிழக்கே சில்வராடோ டிரெயில் என்று இரண்டு சாலைகள், டிரெயிலில் நெரிசல் குறைவு. தெற்கே கார்னெரோஸில் சான் பாப்லோ விரிகுடாவின் மூடுபனி வந்து குளிர வைப்பதால் பினோ நுவார், ஷார்டனே திராட்சை வகைகள், ஸ்பார்க்ளிங் எல்லாம் அங்கே. வடக்கே போகப் போக வெயில் ஏறும், அங்கே கபர்னே சாவின்யோன் என்ற சிவப்பு ஒயின் திராட்சையின் ராஜ்ஜியம். நாபாவில் நடப்பட்டிருப்பதில் ஏறக்குறைய பாதி கபர்னேதான், உலகமே அதற்காகத்தான் வருகிறது, ஆனால் ஒயின் பழகாதவர்களுக்கு அதன் துவர்ப்பு முதல் வாயிலேயே பிடிக்காமல் போகலாம். உங்கள் குழுவுக்கு நான் ஸ்பார்க்ளிங்கில்தான் தொடங்குவேன். கார்னெரோஸில் பிரான்ஸின் டெட்டிஞ்சே குடும்பம் 1987-இல் தொடங்கிய டொமேன் கார்னெரோஸ் இருக்கிறது, பிரெஞ்சு மாளிகை மாதிரி, திறந்தவெளி மாடத்தில் உட்கார்ந்தால் சுற்றிலும் கொடிகள்.

நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். முதல் நாள் கலிஸ்டோகா, செயின்ட் ஹெலெனா பக்கம், கோட்டை அல்லது குகை, மத்தியானத்துக்கு மேல் ஒரு அமைதியான டேஸ்டிங். ரதர்ஃபோர்டில் ஃப்ராக்ஸ் லீப் எனக்குப் பிடித்த இடம், சிவப்புக் களஞ்சியம், காய்கறித் தோட்டம், கொடிகளுக்குத் தண்ணீரே பாய்ச்சாமல் மழையை நம்பி வளர்க்கிறார்கள். மாமனாருக்கு நிலபுலம் இருந்தால் அங்கே பேச்சு நிற்காது. 1976-இல் பாரிஸில் நடந்த ஒயின் சுவைப் போட்டியில் பிரெஞ்சு ஒயின்களைத் தோற்கடித்த ஷார்டனேவின் வீடான ஷாட்டோ மாண்டெலினாவும் கலிஸ்டோகாவில்தான், நண்பர் தம்பதிக்கு வரலாறு பிடித்தால் போகலாம், கபர்னேயில் அதே போட்டியை ஜெயித்தது சில்வராடோ டிரெயிலில் இருக்கும் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸ். இரண்டாம் நாள் கார்னெரோஸும் சோனோமா டவுனும். மூன்றாம் நாள் சோனோமா கவுன்டியிலேயே இருக்கும் ஹீல்ட்ஸ்பர்க். அந்த ஊர்ச் சதுக்கத்தைச் சுற்றியே டேஸ்டிங் ரூம்கள், காரை நிறுத்திவிட்டு நடக்கலாம், பெரியவர்கள் மரத்தடி பெஞ்சில் ஐஸ்கிரீமோடு உட்கார்ந்துகொள்வார்கள். உண்மையில் எனக்கு நாபாவை விட சோனோமாதான் பிடிக்கும், அலட்டல் கம்மி, ஊற்றுகிறவரே சில சமயம் ஒயின் செய்கிறவராக இருப்பார், விலையும் இறங்கும்.

விலை என்றதும் சொல்லிவிடுகிறேன். நாபாவில் சாதாரண டேஸ்டிங்கே ஆளுக்கு 40 முதல் 75 டாலர், நூறைத் தாண்டுவதும் சகஜம். பாட்டில் வாங்கினால் கட்டணத்தைக் கழிக்கும் இடங்கள் உண்டு, எத்தனை பாட்டிலுக்கு என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரு டேஸ்டிங்கைப் பகிர்ந்துகொள்ள விடுவார்களா என்றும் கூச்சப்படாமல் கேட்கலாம்.

ஓட்டுவது யார் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். ஐந்து வகை, ஒவ்வொன்றும் ஒரு அவுன்ஸ் என்றால் அதுவே ஒரு முழு கிளாஸ், மூன்று இடம் என்றால் மூன்று கிளாஸ். கலிஃபோர்னியாவில் ஓட்டுகிறவர் ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 0.08 சதவீதம், போலீஸும் அந்தச் சாலையில் நிற்கத்தான் செய்கிறது. மேசையில் துப்புவதற்கென்றே ஒரு வாளி வைத்திருப்பார்கள், நம் ஆட்கள் அதை மரியாதைக் குறைவு என்று நினைத்துத் தொடவே மாட்டார்கள், ஆனால் ஒயின் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் துப்புகிறார்கள். ஆறு பேர் என்பதால் ஒரு நாள் வாடகை வேனும் டிரைவரும் எடுத்தால் தலைக்குப் பெரிதாக வராது. நாபா டவுனில் ஊபர் கிடைக்கும், மேலே கலிஸ்டோகா மலைப்பாதையில் அதை நம்ப வேண்டாம். திறந்த பாட்டிலை டிக்கியில்தான் வைக்க வேண்டும், பின் சீட்டில் வைத்தால் அபராதம்.

சாப்பாடு. சீஸ் தட்டில் இறைச்சியும் சேர்ந்து வரும், சைவம் என்று புக் செய்யும்போதே எழுதிவிடுங்கள். குடிக்கிறவர்களில் யாராவது சுத்த சைவம் என்றால் இன்னொன்று: ஒயினைத் தெளிய வைக்கச் சில இடங்களில் முட்டை வெள்ளைக்கருவோ மீனிலிருந்து எடுக்கும் பசையோ சேர்ப்பார்கள், கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். மாமியார் எப்படியும் புளியோதரை கட்டுவார், ஒயினரி புல்வெளியில் வெளிச் சாப்பாட்டைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. செயின்ட் ஹெலெனாவுக்கும் கலிஸ்டோகாவுக்கும் நடுவில் போத்தே-நாபா ஸ்டேட் பார்க் இருக்கிறது, பிக்னிக் மேசை, நிழல், பாத்ரூம் எல்லாம் உண்டு. அங்கே பிரியுங்கள். அப்புறம், சென்ட்டும் மல்லிகைப்பூவும் அன்றைக்கு வேண்டாம். பக்கத்து மேசைக்காரர் கிளாஸில் மூக்கை விட்டால் ஒயினுக்குப் பதில் மல்லிகைதான் வரும்.

கடைசியில் ‘ஒயின் கிளப்பில் சேருங்கள், டேஸ்டிங் இலவசம்’ என்பார்கள். வருஷத்துக்குச் சில தடவை பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வரும், கார்டில் பணம் போகும், எப்போது ரத்து செய்யலாம் என்று படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாங்கிய பாட்டில்களைப் பகலில் காரிலேயே விட்டு வைக்காதீர்கள், அக்டோபரிலும் அந்தச் சூடு ஒயினைக் கெடுத்துவிடும். மாமனார் ஊரில் யாருக்காவது கொண்டுபோக ஆசைப்பட்டால், இந்தியாவில் சுங்க வரி இல்லாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர்தான், அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. இரண்டு பேருக்கு நான்கு பாட்டில், செக்-இன் பெட்டியில், துணிக்கு நடுவில் சுற்றி வையுங்கள்.